பழைய அடுப்பும் புது ட்யூபும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் சார் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, வட்டி விகிதம், சீனியர் சிட்டிசன் டெபாசிட் பற்றித்தான் கேட்பார் என்று நினைத்தேன். "அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும் சார், அந்த கேஸ் அடுப்புக் கதையைச் சொல்லுங்க" என்றார். அந்தக் கதையில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் நம் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இன்னொருவர் வீட்டுச் சமையலறை இருக்கிறது. அதனால் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அடுப்பு 1993-ல் வாங்கியது. இரண்டு பர்னர், ஸ்டீல் உடம்பு. அந்தக் காலத்தில் கேஸ் இணைப்புக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தது இங்கே பாதிப் பேருக்கு நினைவிருக்கும். அதுவரை அம்மா உமி அடுப்பிலும் மண்ணெண்ணெய் ஸ்டவ்விலும்தான் சமைத்தார். நம் பக்கம் உமிக்கு என்ன பஞ்சம்? ரைஸ் மில்லில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். கேஸ் அடுப்பு வந்த அன்று அம்மா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துத்தான் பற்ற வைத்தார். பாபநாசம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று எனக்கு மாற்றல் ஆன ஊருக்கெல்லாம் லாரியில் கூடவே வந்தது. பி.காம். கணக்குப்படி தேய்மானம் போக அதன் மதிப்பு எப்போதோ பூஜ்யம். அம்மாவும் போய்விட்டார். அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

சென்ற பொங்கலுக்குப் பிறகு அதுவும் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பால் பொங்குவது வீட்டுக்கு நல்லது, பர்னருக்கு நல்லதல்ல. இடது பக்கம் மஞ்சளாக எரிந்தது. பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. நாப் திருப்பினால் திரும்பவில்லை. மகள் அமெரிக்காவிலிருந்து, "தூக்கிப் போடுங்கப்பா, கண்ணாடி அடுப்பு ஒண்ணு ஆர்டர் போடறேன்" என்றாள். அவள் பிரசவத்துக்காக என் மனைவி அங்கே போயிருந்த நேரம் அது. நான் இங்கே தனியாள்.

ஒருநாள் வீடியோ காலில் மாப்பிள்ளை தோட்டத்தில் உட்கார்ந்து எதையோ பிரித்துக்கொண்டிருந்தார். அவர்கள் ஊரில் சோளமும் கறியும் வாட்டுகிற கேஸ் கிரில். பழசு. பர்னர் குழாய், அதன் மேல் மூடுகிற தகடு, பற்ற வைக்கிற பொத்தான் எல்லாவற்றையும் தனித்தனியாக வரவழைத்து மாற்றிக்கொண்டிருந்தார். பழைய குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருந்ததைக் காட்டினார். "இதனாலதான் மாமா காத்துப் போகாம மஞ்சளா எரிஞ்சுது" என்றார். அந்த நிமிஷமே எனக்கும் ஆசை வந்துவிட்டது.

கிரில் ஆனாலும் நம் அடுப்பு ஆனாலும் உள்விஷயம் ஒன்றுதான். ஜெட் என்று ஒரு சின்னப் பித்தளைத் திருகு இருக்கிறது. அதன் ஊசிமுனைத் துவாரத்தின் வழியாக கேஸ் வேகமாகப் பாயும்போது பக்கத்திலுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போகும். இரண்டும் கலந்து பர்னர் துவாரங்களில் வந்து எரிந்தால் நீலச் சுவாலை. காற்று போதவில்லை என்றால் மஞ்சள், கூடவே கரி. ஆக, மஞ்சள் சுவாலை வந்தவுடன் அடுப்பே போயிற்று என்று அர்த்தமில்லை. முக்கால்வாசி நேரம் குழாயிலோ பர்னரிலோ அழுக்குதான். நாமோ காசு கொடுத்து வாங்கிய கேஸைக் கரியாக்கிப் பாத்திரத்தில் பூசிக்கொண்டிருக்கிறோம்.

கீழவாசல் பக்கம் ஒரு கடையில் பழைய பர்னரைக் காட்டி, அதே அளவில் பித்தளைப் பர்னர் இரண்டு, ஜெட் இரண்டு, மேல் ஸ்டாண்ட், காலுக்கு ரப்பர் புஷ் எல்லாம் வாங்கினேன். கடைக்காரர் ஒரு நல்ல வார்த்தை சொன்னார்: "ஜெட்டை ஊசி விட்டுக் குத்தாதீங்க சார், துவாரம் பெரிசானா அப்புறம் ஜென்மத்துக்கும் சரியா எரியாது." நான் இருபது வருஷமாக ஊசி விட்டுத்தான் குத்திக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அடுப்பைக் கவிழ்த்துப் போடுவதற்காக ரப்பர் ட்யூபைப் பிடுங்கினேன். இறுகிப் போயிருந்ததால் கொஞ்சம் முறுக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. குழாயைத் துணி சுற்றிய கம்பியால் துடைத்தேன். பாதி கரப்பான் முட்டை, பாதி பருப்புத் தண்ணீர். உடம்பைப் புளி போட்டுத் தேய்த்தேன். எல்லாம் மாட்டி, அதே பழைய ட்யூபைத் திரும்பச் சொருகிப் பற்ற வைத்தேன். நீலம்! மகளுக்குப் போட்டோ அனுப்பினேன்.

மறுநாள் காலை எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டினார். "சார், உங்க வீட்டுலேர்ந்து கேஸ் வாசனை வருதே?"

எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. 2021-ல் கொரோனா வந்து போனதிலிருந்து என் மூக்கு சரியில்லை, காபிக்கும் கஷாயத்துக்கும் வித்தியாசம் தெரியாது. சமையல் கேஸுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற நாற்றமுள்ள ரசாயனத்தைக் கலக்கிறார்கள். மூக்கு போனவனுக்கு அந்த எச்சரிக்கை மணி அடிக்காது. வயதானால் எல்லோருக்குமே மூக்கு கொஞ்சம் மங்கும்.

பதற்றத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சைத் தொடப் போனேன். அந்த அம்மா என் கையைத் தட்டிவிட்டார். சுவிட்சில் ஒரு பொறி போதும், போடுவதும் கூடாது, அணைப்பதும் கூடாது. ரெகுலேட்டரை மூடச் சொன்னார், அவரே ஜன்னல் கதவெல்லாம் திறந்தார். இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, மேலே போகாது, தரையோடு படியும். என் வீட்டு வாசலைத் தாண்டினால் அது போகிற இடம் படிக்கட்டு, லிஃப்ட் குழி, கீழ்த்தளம். என் வீட்டோடு நிற்கிற விஷயமே இல்லை.

வெளியே வந்து 1906-க்குப் போன் செய்தோம். எந்தக் கம்பெனி சிலிண்டர் ஆனாலும் கசிவுக்கு அதுதான் நம்பர். வந்த மெக்கானிக் ட்யூபைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அடுப்பில் சொருகுகிற முனையில் ஒரு அங்குல நீளத்துக்கு வெடிப்பு. பழைய ரப்பர், நான் முறுக்கிப் பிடுங்கியதில் கிழிந்திருக்கிறது. பர்னருக்கும் ஸ்டாண்டுக்கும் ஆயிரத்துச் சொச்சம் செலவழித்தவன், சில நூறு ரூபாய் ட்யூபில் மிச்சம் பிடித்தேன். வங்கியில் ஒன்பது ரூபாய் வித்தியாசம் வந்தாலும் ராத்திரி வரை உட்கார்ந்து டாலி பண்ணிவிட்டுப் போனவன் நான்.

அதனால் இப்போது என் கணக்கு வேறு. பித்தளையும் ஸ்டீலும் முப்பது வருஷம் உழைக்கும், அதைத் தாராளமாகப் பழுது பாருங்கள். பர்னர், ஸ்டாண்ட், தட்டு, நாப் மூடி இவை நம் கை வேலை. நாப்புக்குள் இருக்கும் வால்வு இறுகினால் மெக்கானிக்தான், அதற்கென்று தனி கிரீஸ் இருக்கிறது, தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். ரெகுலேட்டர் நம்முடையதே அல்ல, டெபாசிட் கட்டி வாங்கியது, கோளாறு என்றால் ஏஜென்சியில் கொடுத்து மாற்றுங்கள். ரப்பருக்குப் பழுது பார்ப்பது என்பதே கிடையாது. உள்ளே கம்பி வலை வைத்த, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள சுரக்ஷா ட்யூப், ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதிது. வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே. நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். பழைய முனையை வெட்டிவிட்டு மறுபடி சொருகலாமா என்று போன வாரம் ஒருவர் கேட்டார். கூடாது சார்.

சிலிண்டர் வந்ததும் கழுத்துப் பட்டை தாங்கிகளில் ஒன்றின் உள்பக்கம் பாருங்கள். A, B, C, D என்று ஒரு எழுத்தும் வருஷமும் இருக்கும். நம் மடல் மாதிரி அதுவும் காலாண்டுக் கணக்குதான். B 27 என்றால் 2027 ஜூன் வரை செல்லும், அதற்குப் பிறகு மறுபரிசோதனைக்குப் போக வேண்டும். தேதி தாண்டியிருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

மூக்கை நம்பாதவர்களுக்கு சோப்புத் தண்ணீர் இருக்கிறது. ரெகுலேட்டரைத் திறந்து, அடுப்பைப் பற்ற வைக்காமல், ட்யூபின் இரண்டு முனையிலும் நுரையைத் தடவுங்கள். குமிழி கிளம்பினால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

எதிர்வீட்டு அம்மா முன்வரிசையில்தான் இருக்கிறார். அன்றைக்கு நன்றி சொன்னேனா என்பது எனக்கே ஞாபகமில்லை. இப்போது சொல்லிக்கொள்கிறேன் அம்மா.

வரும் சனிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து சோப்புத் தண்ணீர் பாட்டிலோடு வீடு வீடாக வருகிறேன். தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டுக்கு முதலில். ட்யூப் பழசாக இருந்தால் எழுதிக்கொள்கிறேன், ஏஜென்சியில் மொத்தமாகச் சொல்லி வரவழைத்து மெக்கானிக்கை வைத்தே மாட்டிவிடலாம். காபி கொடுத்தால் குடிப்பேன், ஆனால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள்.