பழமையைக் காப்பது யாருக்காக?



பழைய கட்டடங்களை இடிக்காமல் காப்பாற்றச் சட்டம் செய்ய யோசிக்கும் எந்த நகரசபையும், அமெரிக்காவிலுள்ள சார்லஸ்டன் நகரத்தின் சங்கதியை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அந்நாட்டில் பழைய வட்டாரம் ஒன்றைக் காக்க 1931-ம் வருஷத்தில் முதன்முதல் சட்டம் செய்தது அந்நகரந்தான். குறித்த பகுதியில் வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்ற வேண்டுமானால் ஒரு குழுவின் அனுமதி பெறவேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள்.

காரியம் நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால், காப்பாற்றப்பட்ட பெரிய மாளிகைகள் யாருடையவை? கறுப்பு மக்களை விலைக்கு வாங்கி வேலை வாங்கிய எஜமானர்களுடையவை! செங்கல் அறுத்தவன் யார்? சுவர் எழுப்பியவன் யார்? அந்த அடிமைகளே யல்லவா? தூணுக்குக் கிடைத்த மரியாதை, அதைத் தூக்கி நிறுத்தியவனுக்குக் கிடைத்ததா? மனிதர்களை ஏலம் போட்ட கட்டடத்தை நகரசபை தன் காட்சிசாலையாகத் திறந்தது 2007-ல். அடிமை முறையில் தனக்கிருந்த பங்குக்காக அது மன்னிப்புக் கேட்டது 2018-ல். சுவருக்குச் சட்டம் செய்து 87 வருஷங்கள் கழித்து!

ஆகவே, தோழர்களே, பழையதெல்லாம் குப்பை என்பதும் மூடத்தனம். பழையதெல்லாம் புனிதம் என்பதும் மூடத்தனம். நகரத்தார் கட்டடத்தைக் காக்கட்டும். அதைக் கட்டினவன் கதையையும் அதன் வாசலிலே எழுதி வைக்கட்டும். எதைக் காப்பது என்று தீர்மானிக்கும் குழுவில் உழைத்தவன் சந்ததிக்கும் இடம் கொடுக்கட்டும். உண்மையை மறைத்துச் சுவரை மட்டும் காப்பது பொய்க்கு வெள்ளையடிப்பதே யாகும்.