வேலி தரும் எரிபொருள்

வெள்ளவத்தையில் விளக்கேற்றும் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கு விறகினின்றும் பிறக்கிறது. வேலிக்கு நாம் நடும் சீமைக்கிளுவையை, தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக 2005ஆம் ஆண்டில் அரசு அறிவித்தது. லுணுவிலவிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிலையத்தார் தென்னைகளுக்கிடையே இதனை நட்டு ஆராய்ந்தனர். இதன் வேர்முடிச்சுப் பக்டீரியாக்கள் காற்றின் நைதரசனைப் பதிக்கின்றன. தழை தென்னைக்கு உரமாகிறது. கிளை கொதிகலனுக்கு விறகாகிறது. வெட்டிய மரம் மீண்டும் தளிர்க்கிறது.

ஆயினும், ஈரவிறகின் வெப்பத்தில் ஒரு பகுதி அதன் நீரை ஆவியாக்குவதிலேயே கழிந்துவிடும். நிறைக்கு மட்டும் விலை கொடுத்தால், உலர்த்தும் உழவனுக்கு நட்டமே மிஞ்சும். ஈரத்தை அளந்து, வெப்பத்துக்கேற்ற நியாய விலையை வகுக்க ஆய்வுகூடம் துணைசெய்தல் வேண்டும். அப்போதே அறிவியலின் பயன் உழவனின் வேலியைச் சென்றடையும்.