கணக்குக் கேட்பது சந்தேகம் அன்று

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த கல்விக் கருத்தரங்கில், வணிகவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

"கல்லூரி மாணவருக்குத் தடயக் கணக்கியல்" என்னும் பொருள் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். இது போலீஸ் இலாகா விஷயமாயிற்றே என்று சிலர் எண்ணக்கூடும். கணக்கேடுகளையும் ரசீதுகளையும் தடயமாகக் கொண்டு, பணம் யாரால், எப்படிக் கைமாறியது என்பதை நீதிமன்றத்தில் நிற்கும்படி கண்டறிவதே தடயக் கணக்கியல். வேலை செய்யும் இடத்தில் மோசடி நேராமல் தடுப்பது அதன் மறுபாதி. கண்டறிவது சிலருடைய தொழில். தடுப்பதோ சம்பளம் வாங்கும் ஒவ்வொருவருடைய கடமை. ஆகவே இந்தப் பாடம் பி.காம். மாணவருக்கு மட்டும் உரியதன்று.

நம் ஊர்த் தறியிலிருந்தே தொடங்குகிறேன். கச்சாப் பட்டைச் சோப்பு நீரில் கொதிக்கவைத்துப் பசை நீக்கினால் அதன் எடையில் சுமார் 20 முதல் 25 சதவீதம் குறையும். இது பட்டின் இயல்பு, யாரும் திருடியதன்று. இதை அறியாத கணக்கப்பிள்ளை, நேர்மையான தொழிலாளியைத் திருடன் என்பார். இதை அறிந்தவரோ, ஒருமுறை 32 சதவீதம் குறைந்திருந்தால், "இம்முறை மட்டும் ஏன்?" என்று அமைதியாகக் கேட்பார். தடயக் கணக்கியலின் முதல் பாடம் இதுதான். தொழிலை அறியாமல் கணக்கை ஆராய முடியாது. கேள்வி மனிதனைப் பற்றியதன்று, எண்ணைப் பற்றியது.

இரண்டாம் பாடத்துக்கு நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நம்மிடமிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில், அங்கே பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகவே எல்லாரும் போற்றுகிறோம். நான் மாணவர்களை அவற்றைக் கணக்கு ஆசிரியரின் கண்ணோடு படிக்கச் சொல்கிறேன். வாரியத்தில் பணியாற்றிவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வு பெற முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் முடியாது. அண்மை மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரை ஓலையில் எழுதக்கூடாது. கணக்கு எழுதியவர் தம் கணக்கைத் தாமே ஒப்புவித்து, நேர்மையானவர் என்று பெரியோர் ஏற்ற பிறகே மறுபடி கணக்கராகலாம். அவர் கணக்கை வேறொருவர் முடிக்கக்கூடாது. அந்தச் சபை நிலமும் வேதக் கல்வியும் உடையவர்களுக்கே உரியதாக இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் அந்த விதிகள் இன்றும் பழையனவாகவில்லை.

விதி தளர்ந்தால் என்ன ஆகும்? 2018 இல் பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பைக் கிளையொன்றில் வெளிப்பட்ட விவகாரத்தைப் பாருங்கள். வெளிநாட்டுக் கடனுக்கு வங்கி அனுப்பிய உறுதிச் செய்திகள் அதன் கணக்கேட்டோடு இணைக்கப்படவில்லை. ஓர் அதிகாரி பல ஆண்டுகள் அதே பிரிவில் நீடித்தார். அவர் ஓய்வு பெற்றபின் வந்தவர், "முழு ஈட்டுத் தொகை எங்கே?" என்று கேட்டார். "முன்பெல்லாம் கேட்டதில்லையே" என்றனர் வந்தவர்கள். ஏட்டைப் புரட்டினால் அந்தப் பழைய உறுதிகளே அதில் இல்லை! சிக்கிய தொகை ரூ.13,000 கோடிக்கு மேல். ஒரே ஆள் தொடர்ந்து நீடிக்கக்கூடாது என்ற உத்திரமேரூர் அறிவு அங்கே மறக்கப்பட்டிருந்தது.

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கதை இன்னும் வேதனையானது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் ரூ.5,040 கோடி இல்லாத பணம் என்று கடிதம் எழினார். வங்கியிடம் நேராகக் கேட்டுப் பெறவேண்டிய உறுதிக் கடிதங்களைத் தணிக்கையாளர்கள் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கவில்லை. 2015 ஏப்ரலில் ஐதராபாத் தனி நீதிமன்றம் 10 பேருக்கு ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. பின்னர் மேல்முறையீட்டில் அத்தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. மாணவர்களே, அந்தப் பத்துப் பேரில் முதலாளி வீட்டாரும் தணிக்கையாளரும் மட்டுமா இருந்தார்கள்? சம்பளத்துக்கு வேலை பார்த்த ஊழியர்களும் இருந்தார்கள். "மேலே சொன்னார்கள், செய்தேன்" என்ற பதில் அவர்களைக் காக்கவில்லை.

நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் இதில் எப்படி விழுகிறார்கள்? டொனால்டு கிரெஸி என்ற அமெரிக்க அறிஞர் சிறையிலிருந்த மோசடிக்காரர்களைக் கண்டு பேசி, 1953 இல் ஒரு நூல் எழுதினார். அவர் கண்டவற்றை இன்று மூன்றாக வகுத்துச் சொல்கிறார்கள்: வெளியே சொல்ல முடியாத பண நெருக்கடி, எடுக்க ஒரு வாய்ப்பு, மனத்துக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். நம் ஊர் வழக்கில் சொன்னால், சீட்டுக் கட்டத் தவணை வந்துவிட்டது. பெட்டிச் சாவி தன்னிடமே இருக்கிறது. "திங்கட்கிழமை வைத்துவிடலாம், இது கடன்தானே" என்கிறது மனம். நெருக்கடியை நாம் முழுதும் நீக்க முடியாது. மனத்துக்குள் புக முடியாது. வாய்ப்பை மட்டும் அடைக்கலாம். பணம் வாங்குபவர் ஒருவர், ஏட்டில் பதிபவர் வேறொருவர், சரிபார்ப்பவர் மற்றொருவர் என்று பிரிப்பது அதற்காகவே. அந்த ஏற்பாடு திருடனைப் பிடிப்பதற்கு முன், நல்லவனைச் சோதனையினின்று காக்கிறது.

வகுப்பில் நான் சூத்திரங்களைக் குறைத்து, ஒரு கட்டு ரசீதுகளைக் கொடுத்துவிடுகிறேன். வரிசை எண் எங்கே விடுபட்டது? விடுமுறை நாளில் எப்படிக் கொள்முதல் நடந்தது? மூன்று கடைகளின் விலைப்புள்ளியும் ஒரே கையெழுத்தில் இருப்பது ஏன்? கண் பழகினால் இவை தாமே தெரியும். பிறகு மூன்று பழக்கங்களைச் சொல்கிறேன். படிக்காத தாளில் கையெழுத்திடாதே. தவறான ஆணை வந்தால், எழுத்தில் தரும்படி பணிவாகக் கேள். உன் பாஸ்வேர்டை மேலாளருக்கும் கொடுக்காதே. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்ய வேண்டும் என்பது சட்டம். யார் விரல் தட்டினாலும் பதிவாவது உன் பெயர்தான்.

கண்டும் வாய் திறக்காதிருப்பதும் ஆபத்து. மோசடி ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் 2024 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆராயப்பட்ட மோசடிகளில் 43 சதவீதம் யாரோ தகவல் சொன்னதால் வெளிப்பட்டவை. அத்தகவல்களில் பாதிக்கு மேல் ஊழியர்கள் தந்தவை. வெளித் தணிக்கையில் அகப்பட்டவை 3 சதவீதமே. மாணவருக்குத் துணிவையும் கற்பிக்கவேண்டும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வேலைக்குப் போனதும், "முதலாளி சொன்னபடி நட" என்பதோடு நிறுத்தாதீர்கள். "தப்பென்றால் வேலையை விட்டு வா, சோறு இருக்கிறது" என்றும் சொல்லி அனுப்புங்கள். அந்த ஒரு சொல் இருந்தால் பிள்ளை தலைநிமிர்ந்து நிற்கும். நம் பங்கின் சங்கங்களிலும் உண்டியலைத் தனியொருவர் எண்ண வேண்டாம். எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையைப் புனித பவுல் தாம் மட்டும் கொண்டுபோகவில்லை. யாரும் குறை சொல்ல இடமிராதபடி, சபைகள் தேர்ந்த சகோதரரையும் உடன் சேர்த்துக்கொண்டார். பவுலைச் சந்தேகித்தா அப்படிச் செய்தார்கள்? இல்லை. அவர் நற்பெயரைக் காக்கவே செய்தார்கள்.

நம் பிள்ளைகள் கணக்குக் கேட்கவும், கேட்டால் முகம் சுளிக்காமல் காட்டவும் பழகட்டும்.