1915 இல் இராமநாதன்



சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்றவுடன், சிங்களத் தலைவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இழுத்துச் சென்ற வண்டியே பலருக்கும் நினைவுக்கு வரும். அவ்வண்டியில் ஏறுமுன் அவர் செய்தது யாது என்பதை அறிந்தோர் சிலரே.

1851 இல் கொழும்பிலே பிறந்த இராமநாதன், அப்புக்காத்தாகத் தொழில் செய்து, 1879 இல் தமிழ்ப் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபையில் நியமனம் பெற்றார். 1892 முதல் 1906 வரை சொலிசிற்றர் ஜெனரல் பதவி வகித்தார். அரசாங்கம் எவ்வாறு வழக்குத் தொடுக்கிறது என்பதை உள்ளிருந்தே கற்றவர் அவர்.

1911 இல் ‘படித்த இலங்கையர்’ தொகுதியிலே டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவைத் தோற்கடித்தார். வாக்காளர் 3000 பேருக்கும் குறைவு. கொவிகம வகுப்பார் பலர் கராவ வகுப்பினரான பெர்னாண்டோவுக்கு வாக்களிக்க மனமின்றியே தமிழரை ஆதரித்தனர் என்பர் சரித்திராசிரியர். இன ஒற்றுமைக்கு இத்தேர்தலை உதாரணம் காட்டுவோர் இப்பகுதியை விட்டுவிடுவது வழக்கம்.

1915 மே மாத இறுதியில் கண்டியிலே சிங்கள-முஸ்லிம் கலகம் மூண்டது. ஜூன் 2 ஆந் திகதி தேசாதிபதி சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். கலகம் அடங்கிய பின்னரும் அச்சட்டம் நீடித்தது. விசாரணையின்றியே சிலர் சுடப்பட்டனர். ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி ஜூலை 7 ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். சேனநாயக்க சகோதரர்களும் டி. பி. ஜயதிலகவும் சிறைப்பட்டனர்.

உலகப் போர் நடந்த காலம். அரசைக் கண்டிப்பதே இராஜத் துரோகமாகக் கொள்ளப்பட்டது. அவ்வேளையிலே அறுபத்து நான்கு வயதினரான இராமநாதன் சபையில் எழுந்தார். நாட்டின் நியாயஸ்தலங்கள் திறந்திருக்கையில் இராணுவ நீதிமன்றம் எதற்கு என்பதே அவர் வாதத்தின் உயிர்நாடி. பின்னர், நீர்மூழ்கிக் கப்பல்களின் அபாயத்தையும் பொருட்படுத்தாது இங்கிலாந்து சென்று முறையிட்டார். 1916 இல் இலண்டனிலே இதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டார். சாமர்ஸ் பதவி விட்டு நீங்கினார். இத்துணிவுக்கு ஈடு சொல்வது அரிது.

ஆயினும், தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் வாழைச்சேனைப் பகுதியிலே பாடசாலை நடத்தும் நான், இச்சரித்திரத்தின் மறு பாதியையும் மாணவருக்குச் சொல்லவேண்டியவனாயிருக்கிறேன். கலகத்திலே கொள்ளைபோன முஸ்லிம் கடைகள் 4000 க்கு மேற்பட்டவை. பள்ளிவாசல்களும் எரிந்தன. சிங்களவருக்கு இழைக்கப்பட்ட அநீதியை அத்துணை நுணுக்கமாக எடுத்துரைத்த அவ்வழக்கறிஞர், கடையிழந்தவருக்காக அதே ஊக்கத்துடன் வாதாடவில்லை. முஸ்லிம்களுக்கு அவர்மீது முன்னரே மனத்தாங்கல் உண்டு. இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று அவர் 1888 இல் எழுதிய கட்டுரையை மறுத்து, ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907 இல் நூல் வெளியிட்டிருந்தார்.

இராணுவ ஆட்சியை எதிர்த்த அவர் வாதம் சட்டப்படி சரியானதே. இன்றும் அதில் பிழை காண இயலாது. ஆனால் விசாரணையின்றிச் சுடப்பட்டவனுக்கு ஒரு நீதி உண்டெனில், வீடு எரிந்தவனுக்கும் ஒரு நீதி உண்டல்லவா?

1917 இல் அதே தொகுதி அவரை மீண்டும் தெரிந்தெடுத்தது. அந்த வாக்காளர் இடாப்பிலே கம்பளையில் கடை வைத்திருந்தோர் எத்தனை பேர் இருந்திருப்பர்?