சீட்டில் உள்ள தேதி



திருவனந்தபுரத்தில் குடப்பனக்குன்னில் அரசு மிருக ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே நாய்க்குட்டிக்கு ஊசி போடப் பலர் வேண்டும். ஒருவர் சீட்டு எழுதுவார். ஒருவர் குட்டியைப் பிடிப்பார். டாக்டர் ஊசி போடுவார். பிடி தளர்ந்தால் டாக்டருக்குக் கடி விழும்.

நமக்கும் ஒரு வேலை உண்டு. அது சீட்டைப் படிப்பது.

நம் வகுப்பு அக்கா ஒருவர் சீட்டைப் பெட்டிக்குள் வைத்து மறந்தார். அடுத்த ஊசித் தேதி கடந்துவிட்டது.

வெறிநோய் முற்றினால் பிழைப்பது மிக அரிது. தடுப்பூசி அதைத் தடுக்கும். குட்டிக்கு 3 மாதத்தில் முதல் ஊசி. அடுத்த தேதியைப் படித்துக் காலண்டரில் குறியுங்கள்.

நாய் கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய் வைக்காதீர்கள். உடனே நம் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

கற்ற எழுத்து உயிரைக் காக்கட்டும்.