தாய்ச்செடியில் இல்லாத நிறம்

அமெரிக்காவின் பாரம்பரிய ரகமான பிராண்டிவைன் தக்காளியின் பழம் இளஞ்சிவப்பு. இலை உருளைக்கிழங்கு இலைபோல விளிம்பில் வெட்டில்லாமல் அகன்றிருக்கும். எடுத்துவைத்த விதையை விதைத்தால் சில செடிகளில் மட்டும் அடர்சிவப்புப் பழம் காய்ப்பதுண்டு. காரணம் முந்தைய பருவத்துப் பூவில் இருக்கலாம். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆனால் பழைய பெரும்பழ ரகங்கள் சிலவற்றில் சூலகமுடி மகரந்தப்பைக் கூம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வண்டும் தேனீயும் பக்கத்து ரகத்தின் மகரந்தத்தை அதில் ஒட்டிவிடும். அந்தப் பழம் பார்வைக்கு மாறாது. கலப்பு விதைக்குள்தான் இருக்கும்.

நல்லவேளையாக, நாற்றே காட்டிக்கொடுக்கும். உருளைக்கிழங்கு இலை ஒடுங்கு பண்பு. ஆகவே சாதாரண இலை ரகத்தோடு கலந்த நாற்றில் வெட்டுள்ள இலையே வரும், அதைப் பிடுங்கிவிடலாம். விதைக்கான பூங்கொத்தை மொட்டிலேயே மெல்லிய வலைப்பையால் மூடி, பிஞ்சு விட்டதும் பையைக் கழற்றி, காம்பில் அடையாள நூல் கட்டிவிடுவது நல்ல காப்பு.