வாணவேடிக்கை லைசென்சும் உயிர்ப் பாதுகாப்பும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வாணவேடிக்கை. குழந்தைகள் கையில் கொடுக்கும் மத்தாப்பையும் பூவாணத்தையும் பற்றியல்ல; குழாயில் இட்டு ஆகாயத்தில் ஏற்றி வெடிக்கச் செய்யும் பெரிய வாணக்குண்டுகளைப் பற்றியே சொல்ல வந்தோம். "லைசென்சு வாங்கி இத்தொழிலில் இறங்கலாமா? நல்ல வரும்படி உண்டாமே" என்று வாலிபர்கள் சிலர் நம்மைக் கேட்கிறார்கள். கூடாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் காரணம் சொல்லாமல் தடுப்பது அறிவுக்கு அழகல்ல. ஆகையால் லாபத்தையும் ஆபத்தையும் தராசில் வைத்தே பார்ப்போம்.

முதலாவது, லைசென்சு என்றால் என்ன? 1884-ம் வருஷத்து வெடிபொருள் சட்டத்தின் கீழும், 2008-ம் வருஷத்து விதிகளின் கீழும், இன்ன அளவு மருந்தை இன்ன இடத்தில் இன்ன முறைப்படி வைத்துக்கொள்ளலாம் என்று சர்க்கார் கொடுக்கும் அனுமதிச் சீட்டு. அவ்வளவுதான். கையில் கட்டிக்கொண்டால் நெருப்பு அணுகாது என்பதற்கு அது ஒரு தாயத்தா?

இரண்டாவது, வாணக்குண்டு எப்படி வேலை செய்கிறது? அடியில் கருமருந்து இருக்கிறது. வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு சேர்ந்தது அது. அது எரிந்து குண்டை மேலே தள்ளுகிறது. அப்போதே ஒரு திரியும் பற்றி, குண்டு உச்சிக்குப் போகும் வரையில் எரிந்து, உள்மருந்தை வெடிக்கச் செய்கிறது. நிறம் காட்டும் மணிமருந்து சிதறுகிறது. தள்ளும் மருந்து நமுத்திருந்தால் குண்டு தாழ வந்து வெடிக்கும். திரி கெட்டிருந்தால் குழாய்க்குள்ளேயே வெடிக்கும். குழாய் சாய்ந்தால் கூட்டத்துக்குள் பாயும். பற்றவில்லையே என்று குழாய்க்குள் எட்டிப் பார்த்தவன் தலைக்கு யார் ஜவாப்தாரி?

அமெரிக்காவில் அனுசரிக்கப்படும் ஒரு முறைப்படி, குண்டின் குறுக்களவில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 70 அடி தள்ளித்தான் ஜனங்கள் நிற்க வேண்டும். 6 அங்குலக் குண்டுக்கு 420 அடி. நம் ஊர்த் தெருக்களில் 420 அடிக்குள் எத்தனை வீடு, எத்தனை வைக்கோற்போர் என்று எண்ணிப் பாருங்கள்.

நிற்க. நடந்ததைக் கவனிப்போம். கேரளத்தில் கொல்லம் ஜில்லா பரவூரில் புற்றிங்கல் கோயில் இருக்கிறது. அங்கே போட்டி வாணவேடிக்கைக்கு ஜில்லா நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தும் வேடிக்கை நடந்தது. 2016-ம் வருஷம் ஏப்ரல் 10-ந் தேதி விடியுமுன் ஒரு பொறி பக்கத்திலிருந்த மருந்துக் கிடங்கில் விழுந்தது. கட்டடம் சிதறியது. 100 பேருக்கு மேல் மாண்டார்கள். பகவதியின் சந்நிதியிலேயே இது நடந்தது.

"அங்கே அனுமதியில்லை, லைசென்சு இருந்தால் நடந்திராது" என்பீர்கள். நெதர்லாந்து தேசத்து என்ஸ்கெடே நகரத்தில் ஒரு கிடங்குக்கு லைசென்சு இருந்தது. ஆனால் அதில் கண்டதைவிடக் கடுமையான ரகங்களைக் குடியிருப்பின் நடுவே அடுக்கியிருந்தார்கள். 2000-ம் வருஷம் மே மாதம் 13-ந் தேதி அது வெடித்து 23 பேர் செத்தார்கள். அவர்களில் 4 பேர் தீயணைக்கப் போனவர்கள். காகிதம் சரியாயிருந்து காரியம் கெட்டிருந்தால் பலன் இதுதான்.

"விதி முடிந்தால் வீட்டிலிருந்தாலும் சாவான்" என்பார் சிலர். அப்படியானால் இரவில் கதவைத் தாளிடுவானேன்? குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த மருந்தை 1992-ம் வருஷம் சர்க்கார் தடுத்தது. அது உராய்ந்தாலே பற்றும் என்று இரசாயன சாஸ்திரம் கண்டதால் தடுத்ததா, யாருடைய தலையெழுத்தையாவது படித்துப் பார்த்துத் தடுத்ததா?

இனி நமது அபிப்பிராயம். இத்தொழிலுக்கு வர நினைப்பவர் முதலில் தேர்ந்தவரிடம் சில வருஷம் கையாளாக இருந்து பழகட்டும். ஏற்றுமிடத்துக்குப் பக்கத்தில் மருந்தைக் குவிக்காதிருக்கட்டும். தூரத்திலிருந்து மின்கம்பி வழியாகப் பற்றவைக்கும் முறையைக் கற்கட்டும். பீடியும் கள்ளும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. குழாய் சுமக்கும் கூலியாளுக்கு இன்ஷூரன்ஸ் செய்யாதவன் லைசென்சு கேட்கவே யோக்கியதை அற்றவன். ஏனெனில் லைசென்சில் பேர் இருப்பது முதலாளிக்கு. கருகுவது கூலியாளின் கை.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒரு கேள்வி. பலமாகக் காற்று வீசுகிறது. கூட்டம் கயிற்றைத் தாண்டி வந்துவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் "இன்னும் பெரிதாக விடப்பா" என்கிறார்கள். அப்போது முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, "முடியாது" என்று சொல்ல உங்களால் ஆகுமா? ஆகுமென்றால் யோசியுங்கள். ஆகாதென்றால், எந்தச் சர்க்கார் லைசென்சு கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நாம் சொன்னோம் என்பதற்காக ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் 420 அடியை அளந்து பார்த்துவிட்டு, உங்கள் அறிவு சொல்லுகிறபடி செய்யுங்கள்.